மனநலச் சிகிச்சை: நோயாளியின் உரிமைகளும் கட்டாய அனுமதியின் வரம்புகளும்

ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டுள்ளது என்ற காரணத்தால் மட்டுமே அவர் தமது சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் உரிமையை இழந்துவிடுவதில்லை. இந்தியாவில் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இக்கோட்பாட்டின் மீதே அமைந்துள்ளது. நோயின் கடுமையால் ஒருவர் தாமாக முடிவெடுக்க இயலாத நிலையை அடையும்போது, அவர் மறுத்தாலும் அவரை மருத்துவமனையில் சேர்ப்பதற்குச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் எக்காரணத்திற்காகச் சேர்க்கலாம், யார் முடிவு செய்யலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், அதனை யார் மேற்பார்வையிடுவார்கள் என்னும் நான்கையும் சட்டமே வரையறுத்துள்ளது.

நோயாளிகளும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினரும் இவ்வரம்புகளை அறிந்திருப்பது இரு வகையில் பயன்படும். தேவையின்றி எவரும் அடைத்து வைக்கப்படாமல் காக்கவும், உண்மையான நெருக்கடியில் காலந்தாழ்த்தாமல் உதவி பெறவும் இவ்வறிவு துணை செய்யும்.

சட்டத்தின் பின்னணி

மனநோய் உள்ளவர்களை மருத்துவமனைகளில் சேர்ப்பது குறித்து ஆங்கிலேயர் ஆட்சியில் 1912-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் நோக்கம் பெரும்பாலும் நோயாளிகளைப் பாதுகாப்பாக அடைத்து வைப்பதாகவே இருந்தது. அதற்கு மாற்றாக மனநலச் சட்டம், 1987 வந்தது.

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீ விபத்து ஏற்பட்டது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பிக்க இயலாமல் நோயாளிகள் 28 பேர் உயிரிழந்தனர். இந்நிகழ்வு நாடு முழுவதும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. அதற்கு இணங்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இது 2018-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

முடிவெடுக்கும் திறன் என்பது யாது?

இச்சட்டத்தின்படி எந்தக் கட்டாய நடவடிக்கைக்கும் முன்னர் எழ வேண்டிய கேள்வி, இந்த நபருக்கு இப்போது முடிவெடுக்கும் திறன் உள்ளதா என்பதாகும். பின்வருவனவற்றைக் கொண்டு அது மதிப்பிடப்படுகிறது.

• சிகிச்சை அல்லது அனுமதி குறித்துத் தமக்குக் கூறப்படும் தகவலைப் புரிந்துகொள்ளுதல்
• தமது முடிவால், அல்லது முடிவெடுக்காமையால் ஏற்படக்கூடிய விளைவுகளை உணர்தல்
• தமது முடிவைப் பேச்சு, சைகை, முகபாவம் அல்லது வேறு எவ்வகையிலேனும் வெளிப்படுத்துதல்

தகவலை நோயாளிக்குப் புரியும் மொழியில் எளிமையாகக் கூற வேண்டும். தேவையெனில் சைகை மொழியையோ படங்களையோ பயன்படுத்த வேண்டும். அவ்வாறு விளக்காமல், "இவருக்குப் புரியவில்லை" என்று முடிவு செய்தல் ஆகாது.

நோயாளியின் முடிவு குடும்பத்தினருக்கோ மருத்துவருக்கோ தவறாகத் தோன்றலாம். அதனால் மட்டுமே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக் கூடாது எனச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. இத்திறன் நாளுக்கு நாள் மாறக்கூடியது. இன்று இயலாத ஒருவருக்குச் சிகிச்சை தொடங்கிய சில நாட்களில் இயலலாம். எனவே இது மீண்டும் மீண்டும் மதிப்பிடப்பட வேண்டும்.

ஒருவருக்கு மனநோய் உள்ளது என முடிவு செய்வதற்கும் எல்லைகள் உண்டு. ஒருவரது அரசியல், பொருளாதார, சமூக நிலையையோ, அவர் சார்ந்த சமயத்தையோ, குடும்பமும் சமூகமும் எதிர்பார்க்கும் நெறிகளுக்கு அவர் உடன்படாமையையோ காரணமாகக் கொள்ளக் கூடாது. முன்பு சிகிச்சை பெற்றிருந்தார் என்பதும் தனித்து நின்று சான்றாகாது. சொத்துத் தகராறு, விருப்பத் திருமணம், கணவன் மனைவி கருத்து வேறுபாடு போன்றவற்றில் ஒருவரை மனநோயாளி என்று முத்திரையிட்டு அனுமதிக்க முயல்வது சட்டத்திற்குப் புறம்பானது.

மருத்துவமனையில் சேரும் வழிகள்

1. தாமாகச் சேர்தல்

இதுவே பொதுவான வழியாகும். 18 வயது நிறைந்த எவரும் தாமே விண்ணப்பித்து உள்நோயாளியாகச் சேரலாம். அவரது தகவலறிந்த ஒப்புதலின்றி அவருக்குச் சிகிச்சை அளிக்கக் கூடாது. அவர் வீடு திரும்ப விரும்பினால் உடனடியாக அனுப்ப வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தமது முடிவின் தன்மையை நோயாளி உணரவில்லை என்றோ, தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையில் உள்ளார் என்றோ மனநலத் துறை வல்லுநர் கருதினால், மதிப்பீட்டிற்காக 24 மணி நேரம் வரை அவரை நிறுத்தி வைக்கலாம். அதற்குள் அவரைக் கீழே 2-ஆவதாகக் கூறப்படும் வழியில் அனுமதிக்க வேண்டும். அல்லது வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

2. ஆதரவுடன் கூடிய அனுமதி: 30 நாட்கள் வரை

பொதுவழக்கில் "கட்டாயச் சேர்க்கை" எனப்படுவது இதுவே. சட்டத்தின் 89-ஆம் பிரிவு இதனை விளக்குகிறது. இதற்கு நோயாளியின் நியமிக்கப்பட்ட பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். அனுமதிக்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாட்களுக்குள்ளோ இருவர் நோயாளியைத் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் மனநல மருத்துவராகவும், மற்றவர் மனநலத் துறை வல்லுநராகவோ மருத்துவராகவோ இருத்தல் வேண்டும். நோயின் கடுமையால் பின்வருவனவற்றுள் ஒன்றேனும் அண்மையில் நிகழ்ந்துள்ளது அல்லது நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்று இருவரும் முடிவுக்கு வர வேண்டும்.

• தம் உடலுக்குத் தாமே தீங்கு செய்துகொள்வதாக மிரட்டுதல் அல்லது முயலுதல்
• பிறரிடம் வன்முறையாக நடந்துகொள்ளுதல், அல்லது உடலுக்குத் தீங்கு நேரும் என்ற அச்சத்தைப் பிறருக்கு ஏற்படுத்துதல்
• தமக்கே ஆபத்து நேரும் அளவிற்குத் தம்மைப் பராமரித்துக்கொள்ள இயலாதிருத்தல்

இவற்றோடு, மிகக் குறைந்த கட்டுப்பாடு கொண்ட வேறு சிகிச்சை வழி இல்லை என்பதும், நோயாளி தாமாக முடிவெடுக்க இயலாமல் பிறரின் மிகுந்த ஆதரவைச் சார்ந்துள்ளார் என்பதும் உறுதி செய்யப்பட வேண்டும்.

அனுமதிக்கப்பட்ட பின்னரும் நோயாளியின் ஒப்புதலைப் பெறவே முயல வேண்டும். ஏறத்தாழ முழுமையாகவே அவர் பிறர் ஆதரவைச் சார்ந்திருக்கும்போது மட்டும் பிரதிநிதி அவர் சார்பில் தற்காலிகமாக ஒப்புதல் அளிக்கலாம். அந்நிலையில் நோயாளியின் திறனை 7 நாட்களுக்கு ஒருமுறை மறுபடியும் மதிப்பிட வேண்டும். இவ்வனுமதி குறித்து மனநல மறுஆய்வு வாரியத்திற்கு 7 நாட்களுக்குள் அறிக்கை அனுப்பப்பட வேண்டும். நோயாளி பெண்ணாக இருப்பின் 3 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும்.

மேற்கூறிய காரணங்கள் நீங்கியவுடன், 30 நாட்கள் முடியாவிட்டாலும், இவ்வனுமதி முடிவுக்கு வர வேண்டும். நோயாளி விரும்பினால் தாமாகச் சேர்ந்தவராகச் சிகிச்சையைத் தொடரலாம்.

3. 30 நாட்களுக்கு மேல்

இதற்குத் தேவைப்படும் சான்று மேலும் கடுமையானது. மனநல மருத்துவர்கள் இருவர் தனித்தனியே பரிசோதித்து, ஆபத்தான நிலை தொடர்ந்து நீடிக்கிறது என முடிவுக்கு வர வேண்டும். வாரியத்திற்கு 7 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாரியம் 21 நாட்களுக்குள் அனுமதியை ஏற்கலாம். அல்லது நோயாளியை விடுவிக்க ஆணையிடலாம். முதலில் 90 நாட்கள் வரையிலும், அடுத்து 120 நாட்கள் வரையிலும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 180 நாட்கள் வரையிலும் மட்டுமே நீட்டிக்க இயலும். பிரதிநிதி ஒப்புதல் அளிக்கும் நிலையில், நோயாளியின் திறன் இரு வாரங்களுக்கு ஒருமுறை மதிப்பிடப்பட வேண்டும்.

4. 18 வயதுக்குட்பட்டோர்

குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் விதிவிலக்கான சூழலில் மட்டுமே சேர்க்கலாம். அவர்களைப் பெரியவர்களுடன் தங்க வைக்கக் கூடாது. பிரதிநிதியோ அவர் நியமிக்கும் ஒருவரோ முழு நேரமும் உடனிருக்க வேண்டும். சிறுமிக்குப் பெண் ஒருவரே துணையிருக்க வேண்டும். வாரியத்திற்கு 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும்.

5. அவசரச் சிகிச்சை

உயிரிழப்பையோ, உடல்நலத்திற்கு மீளமுடியாத கேட்டையோ, தமக்கோ பிறர்க்கோ நேரக்கூடிய கடும் தீங்கையோ, நோயின் விளைவாகப் பொருட்களுக்கு ஏற்படும் பெருஞ்சேதத்தையோ தடுக்க உடனடித் தேவை இருந்தால், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் எந்த மருத்துவமனையிலும், வீட்டிலும்கூட, சிகிச்சை அளிக்கலாம். பிரதிநிதி உடனிருந்தால் அவரது ஒப்புதலைப் பெற வேண்டும். நோயாளியை அருகிலுள்ள மனநல நிறுவனத்திற்கு மதிப்பீட்டிற்காகக் கொண்டு செல்வதும் இதில் அடங்கும். இது பொதுவாக 72 மணி நேரம் வரையில், அல்லது மனநல நிறுவனத்தில் மதிப்பீடு செய்யப்படும் வரையில், இவற்றுள் எது முந்தையதோ அதுவரை மட்டுமே செல்லும். மின்னதிர்வுச் சிகிச்சையை அவசரச் சிகிச்சையாக அளிக்கக் கூடாது.

நோயாளி சிகிச்சைக்கு மறுக்கும்போது

குடும்பத்தினர் பெரிதும் தவிக்கும் இடம் இதுவே. இரு சூழல்களை எண்ணிப் பார்க்கலாம்.

முதலாவது சூழலில், 28 வயதுடைய மகன் பல மாதங்களாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. தம்மை யாரோ கண்காணிப்பதாகக் கூறுகிறார். ஆயினும் உண்கிறார், உறங்குகிறார், எவரையும் துன்புறுத்தவில்லை. மருத்துவரிடம் வர மட்டும் மறுக்கிறார். இரண்டாவது சூழலில், அதே மகன் உணவில் நஞ்சு கலந்திருப்பதாக அஞ்சிப் பல நாட்களாக உண்ணாமல் உடல் மெலிந்து, எழுந்து நடக்கவும் இயலாதிருக்கிறார்.

இரண்டாவது சூழலில் தம்மைப் பராமரித்துக்கொள்ள இயலாமையால் ஆபத்து நேர்ந்துள்ளது. ஆதரவுடன் கூடிய அனுமதிக்கு இது காரணமாகலாம். உயிருக்கு ஆபத்து இருப்பின் அவசரச் சிகிச்சையும் பொருந்தும். முதல் சூழலில், மறுப்பு என்ற ஒன்றை மட்டும் கொண்டு அவரைக் கட்டாயப்படுத்தி அனுமதிக்கச் சட்டம் இடமளிக்காது. ஆயினும் குடும்பத்தினர் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. பின்வருவனவற்றைச் செய்யலாம்.

• நோயாளி வராவிடினும் குடும்பத்தினர் மட்டும் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிற்கோ, மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரிடமோ சென்று ஆலோசனை பெறலாம். வீட்டிற்கு வந்து பார்க்க வாய்ப்பு உள்ளதா எனக் கேட்கலாம்.
• "உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது" என்று வாதிடுவதால் பயன் விளைவதில்லை. உறக்கமின்மை, அச்சம், தலைவலி என நோயாளியே துன்பமாக உணரும் ஒன்றை முன்னிறுத்தி மருத்துவரைப் பார்க்க அழைப்பது பலன் தரக்கூடும்.
• அவர் நம்பும் ஒருவர், அவர் நண்பரோ ஆசிரியரோ மாமாவோ, பேசிப் பார்க்கலாம்.
• அவர் உண்ணும் அளவு, உறக்கம், பேச்சு, மிரட்டல்கள் ஆகியவற்றைத் தேதியுடன் குறித்து வைக்க வேண்டும். நிலைமை மோசமானால் மருத்துவர் விரைந்து முடிவெடுக்க இக்குறிப்புகள் உதவும்.
• தற்கொலை எண்ணத்தை அவர் வெளிப்படுத்தினால் காத்திருத்தல் கூடாது. பூச்சிமருந்து, கூரிய பொருட்கள், அதிக அளவிலான மாத்திரைகள் ஆகியவற்றை அவர் கைக்கு எட்டாதவாறு அகற்றிவிட்டு உடனடியாக மருத்துவ உதவி பெற வேண்டும்.

நோயாளியைப் பொய் கூறி அழைத்துச் செல்வதும், ஆட்களை வைத்துக் கட்டித் தூக்கிச் செல்வதும் அப்போதைக்கு எளிதாகத் தோன்றலாம். ஆனால் நம்பிக்கையை இழந்த நோயாளி வீடு திரும்பியதும் மருந்தை நிறுத்திவிடக்கூடும்; குடும்பத்தினரையும் விலக்கி வைக்கக்கூடும். மனநோய்ச் சிகிச்சை பெரும்பாலும் நீண்ட காலம் தொடர வேண்டியது என்பதால், இந்நம்பிக்கையே குடும்பத்தின் பெரிய துணையாகும்.

நியமிக்கப்பட்ட பிரதிநிதி

18 வயது நிறைந்த எவரும் தமக்கு ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம். வெற்றுத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டாலோ கைரேகை வைத்தாலோ போதுமானது. பிரதிநிதி 18 வயது நிறைந்தவராகவும், பொறுப்பை ஏற்க எழுத்துமூலம் சம்மதித்தவராகவும் இருக்க வேண்டும். அவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நியமனத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

எவரும் நியமிக்கப்படாதிருந்தால் உறவினர், பராமரிப்பவர், வாரியம் நியமிக்கும் ஒருவர் என்ற வரிசையில் பிரதிநிதி அமைவார். எவரும் இல்லாதபோது சமூக நலத்துறை இயக்குநரோ அவர் குறிப்பிடும் அலுவலரோ பிரதிநிதியாக அமைவார்.

பிரதிநிதியின் கடமை, நோயாளியின் இடத்தில் நின்று தமது விருப்பத்தை நிறைவேற்றுவதன்று. நோயாளியின் இன்றைய விருப்பத்தையும், முன்பு அவர் கூறியவற்றையும், அவரது வாழ்க்கை முறையையும் மதித்து, அவர் முடிவெடுக்கத் துணை நிற்பதே அக்கடமையாகும். சிகிச்சை பற்றிய தகவல்களைக் கேட்டறிதல், வீடு திரும்புவதற்கான ஏற்பாடுகளில் பங்கேற்றல், உரிமை மீறப்பட்டால் வாரியத்தில் முறையிடுதல் ஆகியனவும் அவர் பணிகளே. பிரதிநிதி நோயாளியின் நலனுக்கு எதிராக நடந்தால் வாரியம் அவரை மாற்றலாம்.

முன்கூட்டிய விருப்ப ஆவணம்

எதிர்காலத்தில் நோயின் காரணமாக முடிவெடுக்க இயலாது போனால் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் பிரதிநிதியாக இருக்க வேண்டும் என்பனவற்றை 18 வயது நிறைந்த எவரும் முன்னரே எழுதி வைக்கலாம். இதுவரை மனநோய் இல்லாதவரும் எழுதலாம். இதற்கென விதிகளில் ஒரு படிவம் தரப்பட்டுள்ளது. சாட்சிகள் இருவர் கையொப்பமிட வேண்டும். மனநல மறுஆய்வு வாரியத்தில் இதனைக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம்.

நோய் திரும்பத் திரும்ப வரும் இயல்புடையவர்களுக்கு இது மிகவும் பயன்படும். உடல்நிலை நன்றாக இருக்கும் காலத்தில், எம்மருந்து தமக்கு ஒத்துக்கொண்டது, எது கடும் பக்கவிளைவை ஏற்படுத்தியது, எந்த மருத்துவமனையை விரும்புகிறார், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பனவற்றை எழுதலாம். முன்னர் கூறிய 28 வயது மகன் குணமடைந்த பின் இவ்வாவணத்தை எழுதி வைத்திருந்தால், அடுத்த முறை நெருக்கடி வரும்போது அவர் குரலே அவருக்கான முடிவில் ஒலிக்கும்.

நோயாளி முடிவெடுக்கும் திறனை இழந்த காலத்தில் மட்டுமே இவ்வாவணம் செயல்படும். அவசரச் சிகிச்சைக்கு இது பொருந்தாது. இதனைப் பின்பற்றுவது உகந்ததன்று என மருத்துவரோ உறவினரோ பராமரிப்பவரோ கருதினால், தாமாக அதனைப் புறக்கணிக்க இயலாது. வாரியத்திடமே விண்ணப்பிக்க வேண்டும். ஆவணத்தின் நகல் மருத்துவரிடம் சேர்வதை உறுதி செய்வது எழுதியவர், பிரதிநிதி ஆகியோரின் பொறுப்பாகும்.

மருத்துவமனையில் உள்ளபோது நோயாளிக்கு உள்ள உரிமைகள்

தாமாகச் சேர்ந்தவராயினும் ஆதரவுடன் அனுமதிக்கப்பட்டவராயினும் பின்வரும் உரிமைகள் அனைவருக்கும் உண்டு.

• எச்சட்டப் பிரிவின் கீழ், எக்காரணத்திற்காக அனுமதிக்கப்பட்டார், வாரியத்தில் எவ்வாறு முறையிடலாம் என்பதை அறியும் உரிமை
• நோயின் தன்மை, சிகிச்சைத் திட்டம், மருந்துகளின் பக்கவிளைவுகள் ஆகியவற்றைப் புரியும் மொழியில் கேட்டறியும் உரிமை
• தூய்மையான தங்குமிடம், நல்ல உணவு, தனிமறைவு, மாதவிடாய்க் காலத்திற்குத் தேவையான பொருட்கள்
• விரும்பினால் தமது சொந்த உடைகளையே அணியும் உரிமை. கட்டாயமாக மொட்டையடிக்கப்படாமல் இருக்கும் உரிமை
• வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்படாமல் இருத்தல். விரும்பிச் செய்தால் உரிய ஊதியம் பெறுதல்
• பார்வையாளர்களைச் சந்திக்கவும், தொலைபேசியிலும் கடிதத்திலும் தொடர்புகொள்ளவும், விரும்பாதவர்களைச் சந்திக்க மறுக்கவும் உரிமை
• மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்காதிருத்தல்
• நோய் பற்றிய தகவல் இரகசியமாகக் காக்கப்படுதல். ஒப்புதலின்றிப் புகைப்படமோ விவரமோ ஊடகங்களில் வெளியிடப்படாமை
• தமது மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டுப் பெறும் உரிமை
• இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை

வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளவர்களும் ஆதரவற்று வீடின்றி உள்ளவர்களும், அதற்குரிய அட்டை இல்லாவிடினும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல நிறுவனங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். உடல்நோய்களுக்கு மருத்துவக் காப்பீடு வழங்குவதைப் போன்றே மனநோய்க்கும் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்க வேண்டும்.

எவரும் செய்யக் கூடாதவை

• நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல்
• தசைத் தளர்த்தி மருந்தும் மயக்க மருந்தும் இன்றி மின்னதிர்வுச் சிகிச்சை அளித்தல்
• சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை அறுவை செய்தல்
• தனி அறையில் அடைத்து வைத்தல்

18 வயதுக்குட்பட்டவருக்கு மின்னதிர்வுச் சிகிச்சை தேவையென மனநல மருத்துவர் கருதினால், பாதுகாவலரின் ஒப்புதலும் வாரியத்தின் முன் அனுமதியும் பெற வேண்டும்.

உடலைக் கட்டுப்படுத்துதல், உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவையான நேரத்திற்கு மட்டும் செய்யப்படலாம். காரணமும் கால அளவும் பதிவு செய்யப்பட வேண்டும். தண்டனையாகவோ, பணியாளர் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ இதனைச் செய்யக் கூடாது.

மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடுதல்

மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள தலைவர், மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், மற்றொரு மருத்துவர் ஆகியோர் வாரியத்தில் இடம்பெறுவர். மனநோய் உள்ளவர்கள், பராமரிப்பவர்கள் அல்லது அவர்களுக்காகச் செயல்படும் அமைப்பினருள் இருவரும் உறுப்பினராவர்.

நோயாளி, அவரது பிரதிநிதி, அல்லது நோயாளியின் ஒப்புதலுடன் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்று வாரியத்திற்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. 30 நாட்கள் வரையிலான அனுமதியை எதிர்க்கும் விண்ணப்பத்தின் மீது வாரியம் 7 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் நோயாளியின் பெயர், மருத்துவமனையின் பெயர், அனுமதிக்கப்பட்ட நாள், கோரிக்கை ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். வாரியத்தின் முடிவை எதிர்த்து 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

மருத்துவமனையின் சேவைக் குறைபாடுகள் குறித்து முதலில் அங்குள்ள பொறுப்பு மருத்துவ அலுவலரிடம் முறையிடலாம். பதில் நிறைவளிக்காவிட்டால் வாரியத்தை அணுகலாம்.

காவல்துறையின் பொறுப்பு

தம்மைப் பராமரித்துக்கொள்ள இயலாமல் தெருவில் அலையும் ஒருவருக்கு மனநோய் உள்ளதாகக் கருத இடமிருந்தால், காவல் நிலைய அலுவலர் அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவரைக் காவல் நிலையத்திலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் கொடுமைப்படுத்தப்படுவதாகவோ கைவிடப்பட்டதாகவோ தெரியவந்தால் காவல்துறை நீதித்துறை நடுவருக்கு அறிக்கை அளிக்க வேண்டும். நடுவர் மதிப்பீட்டிற்காகவும் சிகிச்சைக்காகவும் அவரை அதிகபட்சம் 10 நாட்களுக்கு அரசு மனநல நிறுவனத்தில் சேர்க்க ஆணையிடலாம்.

அடிக்கடி எழும் ஐயங்கள்

மதுப்பழக்கத்திற்கு அடிமையானவரை மறுவாழ்வு மையத்தினர் வீட்டிற்கு வந்து வலுக்கட்டாயமாக அழைத்துச் செல்லலாமா?
மது, போதைப்பொருள் ஆகியவற்றால் ஏற்படும் மனநலப் பாதிப்புகளும் இச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும். எனவே மேற்கூறிய காரணங்களும் நடைமுறைகளும் அவர்களுக்கும் பொருந்தும். மனநோய் உள்ளவர்களைத் தங்க வைத்துச் சிகிச்சை அளிக்கும் எந்த நிறுவனமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேர்க்கும் முன் பதிவுச் சான்றையும், அங்கு மனநல மருத்துவர் உள்ளாரா என்பதையும் கேட்டறிய வேண்டும். நோயாளியைப் பார்க்கவோ பேசவோ அனுமதிக்காத மையத்தில் சேர்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

நோயாளிக்குத் தெரியாமல் உணவில் மருந்தைக் கலந்து கொடுக்கலாமா?
இது தகவலறிந்த ஒப்புதல் என்னும் கோட்பாட்டிற்கு முரணானது. மேலும், மருந்தின் அளவு மாறுபடவும் பக்கவிளைவுகள் கவனிக்கப்படாமல் போகவும் வாய்ப்புண்டு. தெரியவரும்போது, உணவைப் பற்றிய அச்சமே நோயாளிக்கு வலுப்படக்கூடும். மருந்தை மறுப்பவர் குறித்து மருத்துவரிடம் வெளிப்படையாக ஆலோசிப்பதே சரியான வழியாகும்.

குணமடைந்த பின்னர் குடும்பத்தினர் அழைத்துச் செல்ல வராவிட்டால்?
குடும்பம் இல்லை, குடும்பத்தினர் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் எவரையும் மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. சமூகத்தில் வாழும் உரிமை அவருக்கு உண்டு. அதற்கான இல்லங்களை ஏற்படுத்துவது அரசின் கடமையாகும்.

மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் சட்டப்படி "மனநலம் குன்றியவர்" ஆகிவிடுவாரா?
இல்லை. உரிய நீதிமன்றம் அவ்வாறு அறிவித்தாலன்றி, நோய் கண்டறியப்பட்டதால் மட்டும் அவர் அந்நிலையை அடைவதில்லை.

தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு வருமென அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லத் தயங்க வேண்டுமா?
தயங்க வேண்டியதில்லை. மாறாக நிரூபிக்கப்படாத வரையில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே சட்டம் கருதுகிறது. அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் அளிப்பது அரசின் கடமையாகும்.

உதவி எண்கள்

• டெலி மானஸ் மனநல ஆலோசனை: 14416 (24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழிலும்)
• தமிழ்நாடு மருத்துவத் தகவல் உதவி: 104
• அவசர ஊர்தி: 108
• அனைத்து அவசர உதவி: 112
• இலவசச் சட்ட உதவி: 15100

சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனையிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலச் சிகிச்சை பெறலாம்.

இப்பக்கம் பொதுத் தகவலுக்காக அளிக்கப்படுகிறது. தனிப்பட்ட சூழலுக்கு மருத்துவரையும், சட்டம் சார்ந்த ஐயங்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் அணுக வேண்டும்.